பிரேக் ஆயில் எங்கே கசிகிறது? மவுண்டன் பைக் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஓர் எளிய விளக்கம்

மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: "லீவர் லூஸாயிடுச்சு, எங்கயோ லீக் ஆகுது போல, ஒரு தடவை ப்ளீட் பண்ணிடு." ப்ளீட் என்பது பிரேக்குக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றி, ஆயிலைப் புதிதாக நிரப்பும் வேலை. லீவர் தளர்வதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் கசிவும் ஒன்று, அவ்வளவுதான். அப்படியே கசிவுதான் காரணம் என்றாலும் ப்ளீட் அதை அடைக்கப்போவதில்லை. சில நாட்களுக்கு மறைத்து வைக்கும். லீவர் கெட்டியாகிவிட்டதே என்று நம்பிச் செங்குத்தான இறக்கத்தில் இறங்குவோம். உள்ளே ஆயில் குறைந்துகொண்டே வரும். ஆகவே முதலில் கசிவு இருக்கிறதா, இருந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ப்ளீட் அதற்குப் பிறகுதான்.

இதற்குப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## இரண்டு சிரிஞ்சுகள்

ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை எடுத்து, ஒரு மெல்லிய குழாயால் இணைத்து, காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றொன்றின் தண்டு உடனே வெளியே வரும். தண்ணீர் அழுத்தத்தால் சுருங்குவதில்லை என்பதால் இங்கே கொடுத்த தள்ளல் அங்கே அப்படியே போய்ச் சேருகிறது. இரண்டாவது சிரிஞ்ச் பருமனாக இருந்தால் அதன் தண்டு குறைந்த தூரமே நகரும், ஆனால் கூடுதல் பலத்தோடு நகரும். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிளேய்ஸ் பாஸ்கல் விளக்கிய விதிதான் இது. ஹைட்ராலிக் பிரேக் முழுக்க இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

இப்போது குழாயில் ஒரு காற்றுக் குமிழியை விடுங்கள். அழுத்தினால் முதலில் குமிழிதான் சுருங்கும்; கைக்குப் பொதபொதவென்று இருக்கும். கையை எடுத்தால் குமிழி பழைய அளவுக்கு விரிந்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டும் குறையாது.

குமிழியை நீக்கிவிட்டு, குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போடுங்கள். அழுத்தும் முதல் நொடியில் கெட்டியாகவே இருக்கும். அதே பலத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் தண்டு மெதுவாக உள்ளே இறங்கும், வெளியே ஈரம் தெரியும், போன தண்ணீர் திரும்பி வராது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனதில் பதிந்தால் போதும். காற்று இருந்தால் லீவர் தொடக்கத்திலிருந்தே பொதபொதக்கும். கசிவு இருந்தால் பிடித்திருக்கப் பிடித்திருக்க இறங்கும்.

## உண்மையான பிரேக்கில் என்ன இருக்கிறது

கைப்பிடியில் இருக்கும் லீவரின் உடலுக்குள் ஒரு சிறிய உருளையும் அதற்குள் ஒரு பிஸ்டனும் இருக்கின்றன. இந்த உருளைக்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் காலிப்பருக்குள் 2 அல்லது 4 பிஸ்டன்கள். இரண்டையும் இணைக்கும் குழாய் ஹோஸ். காலிப்பர் பிஸ்டன்கள் பேட் எனப்படும் உராய்வுத் தகடுகளைத் தள்ள, பேட்கள் சக்கரத்தோடு சுழலும் ரோட்டர் என்ற உலோக வட்டைக் கவ்வுகின்றன.

சிரிஞ்சில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. லீவருக்குள், மாஸ்டர் சிலிண்டரை ஒட்டி, கூடுதல் ஆயிலை வைத்திருக்கும் சிறு அறை ஒன்று உண்டு. அதை ரிசர்வாயர் என்பார்கள். லீவர் சும்மா இருக்கும்போது இந்த அறைக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு சிறு துளை திறந்திருக்கும். லீவரை இழுத்ததும் பிஸ்டன் அந்தத் துளையைத் தாண்டிச் சென்று மூடிவிடும். அழுத்தம் உருவாவது அதற்குப் பிறகுதான். அதாவது எவ்வளவு பலமாகப் பிரேக் பிடித்தாலும் அந்த அழுத்தம் ரிசர்வாயருக்குப் போவதில்லை. பின்னால் சோதனை செய்யும்போது இது மிகவும் உதவும்.

எல்லாப் பிஸ்டன்களையும் சுற்றி ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. இவைதான் சீல். காலிப்பரில் இருக்கும் சீல் சதுரமான குறுக்குவெட்டு கொண்டது. அது செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆயிலை வெளியே விடாமல் தடுப்பதும் அதுவே, பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதும் அதுவே. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சீல் லேசாக முறுக்கிக்கொள்கிறது. லீவரை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. பேட்டுக்கும் ரோட்டருக்கும் இடையே தெரியும் மெல்லிய இடைவெளி இப்படித்தான் உண்டாகிறது. தனியாக ஸ்பிரிங் இருந்தாலும் முக்கிய வேலை சீலுடையதே.

பேட் தேயத் தேய அந்த இடைவெளியை நிரப்பப் பிஸ்டன் சீலுக்குள் வழுக்கிக் கொஞ்சம் முன்னே வந்து நிற்கும். அதன் பின்னால் உண்டாகும் வெற்றிடத்துக்கு ரிசர்வாயரிலிருந்து ஆயில் இறங்கும்.

சுருக்கமாக: லீவர் அழுத்துகிறது, ஹோஸ் கடத்துகிறது, காலிப்பர் கவ்வுகிறது, சீல் காக்கிறது. பேட் தேய்ந்தால் ரிசர்வாயரில் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. ஒரு துளிகூட வெளியே போகாமலேயே மட்டம் இறங்கும்.

## கசிவு என்று நினைக்க வைக்கும் மற்றவை

பைக்கைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரம் கழற்றினீர்கள், திருப்பி நிறுத்தியதும் லீவர் கைப்பிடி வரை வருகிறது என்றால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். ரிசர்வாயரில் ஒதுங்கிக் கிடந்த குமிழி ஹோஸுக்குள் இறங்கியிருக்கும். பைக்கை நேராக நிறுத்தி, லீவரைச் சில முறை மெதுவாக இழுத்து விட்டால் பெரும்பாலும் அது மேலே ஏறிவிடும். ஆனால் ரிசர்வாயரில் குமிழி இருந்திருக்கிறது என்பதே ஒரு ப்ளீட் தேவை என்பதற்கு அடையாளம்.

நீண்ட இறக்கத்தின் நடுவில் லீவர் திடீரென்று தளர்ந்து, ஆறியதும் சரியாகிவிட்டால் அது வெப்பத்தின் வேலை. பிரேக்கில் ஊற்றும் இரண்டு வகைத் திரவங்களில் ஒன்றான டாட், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதில் டாட் 5.1 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 180 டிகிரிதான். பழைய திரவம் சூட்டில் கொதித்து ஆவியானால் அந்த ஆவியும் குமிழி போலவே சுருங்கும்.

லீவர் கெட்டியாக இருக்கிறது, ஆனால் பிரேக் பிடிக்கவில்லை, கீச்சென்று கத்துகிறது என்றால் பெரும்பாலும் பேட்டில் எண்ணெய்ப் பசை ஏறியிருக்கும். அது காலிப்பரிலிருந்தும் வந்திருக்கலாம், செயினுக்கு அடித்த ஸ்ப்ரேயிலிருந்தும் வந்திருக்கலாம்.

அடிக்கடி ஏமாற்றும் இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, ப்ளீட் செய்தபோது சிந்திய ஆயில். ப்ளீட்டுக்காகத் திறக்கும் ஸ்க்ரூவின் தலைப் பள்ளத்திலும், ரப்பர் உறைக்கு அடியிலும், ஹோஸ் நுழையும் இடத்திலும் அது தங்கிவிடும். ஓரிரு நாள் ஓட்டியதும் அதிர்வில் வெளியே வந்து, அசல் கசிவு போலவே காட்சி தரும். இரண்டாவது, முன்சக்கர ஃபோர்க். முன் காலிப்பர் வழக்கமாக ஃபோர்க்கின் இடது காலில்தான் இருக்கும். அந்தக் காலின் மேல் சீல் தேய்ந்திருந்தால் ஃபோர்க் ஆயில் வழிந்து நேராகக் காலிப்பர் மேல் வந்து நிற்கும். பழி பிரேக்குக்குப் போகும். ஃபோர்க்கின் பளபளப்பான மேல்குழாயை விரலால் தொட்டுப் பாருங்கள்; வளையமாக எண்ணெய் படிந்து, அதில் தூசி ஒட்டி, கீழே வரை தாரை இருந்தால் குற்றவாளி ஃபோர்க்தான்.

## எந்த ஆயில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மவுண்டன் பைக் பிரேக்குகளில் இரண்டு வகைத் திரவங்கள் ஓடுகின்றன: மினரல் ஆயில், டாட் திரவம். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ ஆகியவை மினரல் ஆயில். ஹோப், ஹேய்ஸ் பெரும்பாலும் டாட். ஸ்ராம் நீண்ட காலம் டாட் பயன்படுத்தியது. மேவன், டிபி8 போன்ற மாடல்களில் மினரல் ஆயில் வந்துவிட்டது. ஆகவே கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். லீவர் உடலிலோ மூடியிலோ எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் சீல்கள் ஊதிப் பதம் கெட்டுவிடும். அதன் பிறகு எல்லா இடத்திலும் கசியும். அப்படி நடந்த பிரேக்கைக் கழுவிக் காப்பாற்ற முயல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும்.

துப்பறிவதற்கும் திரவத்தின் வகை உதவுகிறது. ஷிமானோ ஆயில் இளஞ்சிவப்பாகவும் மகுராவின் ஆயில் நீலமாகவும் இருக்கும். டாட் திரவம் புதிதாக இருக்கும்போது தெளிவாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்து, பழையதானால் கருக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் டாட் கரைந்துவிடும், எண்ணெய்கள் மிதக்கும். உங்கள் பிரேக் டாட் வகையாக இருந்து, காலிப்பரில் துடைத்தெடுத்த திரவம் தண்ணீரில் மிதந்தால் அது பிரேக்கிலிருந்து வந்ததல்ல. டாட் பெயிண்டையும் அரிக்கும். லீவருக்கு நேர் கீழே ஃபிரேமில் பெயிண்ட் மங்கியோ கொப்பளித்தோ இருந்தால் கசிவு கொஞ்ச நாளாகவே நடக்கிறது. தோலில் பட்டாலும் எரிச்சல் தரும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

## டிஷ்யூ சோதனை

கசிவைக் கண்டுபிடிக்க நான் எல்லோருக்கும் சொல்லும் வழி இதுதான். பொறுமை வேண்டும், ஆனால் பொய் சொல்லாது.

சக்கரமும் பேட்களும் இடத்தில் இருக்கட்டும். நடுவில் ரோட்டர் இல்லாமல் லீவரை இழுத்தால் பிஸ்டன்கள் அளவுக்கு மீறி வெளியே வந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் லீவர், ஹோஸ், காலிப்பர் எல்லாவற்றையும் துடைத்து எடுங்கள். ரப்பர் உறையைப் பின்னுக்கு நகர்த்தி அதன் அடியிலும், ஸ்க்ரூ பள்ளங்களிலும் துடையுங்கள். பழைய ஈரம் ஒரு சொட்டு மிஞ்சினாலும் சோதனை கெட்டுப்போகும். நன்றாகக் காயவிடுங்கள்.

பிறகு வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியாகச் சுற்றுங்கள்: லீவர் பிஸ்டன் பக்கம், ஹோஸ் லீவருக்குள் நுழையும் இடம், ப்ளீட் ஸ்க்ரூக்கள், ஹோஸ் காலிப்பரில் சேரும் இடம், காலிப்பரின் இரண்டு பாதிகள் சேரும் கோடு. ஒன்றை ஒன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவரைப் பலமாக இழுத்து ஒரு நிமிடம் பிடித்திருங்கள். கை மெதுவாகக் கைப்பிடியை நோக்கி நகர்கிறதா என்று கவனியுங்கள். இழுத்தவுடன் விட்டுவிடுபவர்களுக்கு இந்த நகர்வு தெரியவே தெரியாது. பிறகு லீவரை வெல்க்ரோ பட்டையால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் ஒவ்வொரு டிஷ்யூவையும் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மிக மெல்லிய கசிவுகூடக் காகிதத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு ஒளி ஊடுருவும் வட்டமாகத் தெரியும்.

எல்லாக் காகிதமும் உலர்ந்திருந்தாலும் சோதனை முடியவில்லை. லீவரை இழுத்திருக்கும்போது ரிசர்வாயர் துண்டிக்கப்பட்டிருக்கிறது அல்லவா? அதன் மூடியிலோ உள்ளேயிருக்கும் ரப்பர் சவ்விலோ கசிவு இருந்தால் கட்டிவைத்த லீவர் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே அடுத்த இரவு கட்டை அவிழ்த்து, மூடியைச் சுற்றிப் புது டிஷ்யூ வைத்து, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி லீவரையோ பைக்கையோ சாய்த்து வையுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான்.

ஒன்றுக்கு மேற்பட்ட காகிதம் நனைந்திருந்தால் எல்லாவற்றிலும் உயரத்தில் இருப்பதைச் சந்தேகியுங்கள். ஆயில் ஹோஸின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வெகுதூரம் இறங்கும். லீவரில் தொடங்கிய கசிவு காலிப்பரில் சொட்டுவது சாதாரணம்.

சுருக்கமாக: துடைத்து, சுற்றி, கட்டி ஓர் இரவு, அவிழ்த்து ஓர் இரவு. நனைந்ததில் மேலே இருப்பதுதான் மூலம்.

## ஈரம் இருக்கும் இடம் என்ன சொல்கிறது

லீவர் பிஸ்டன் பக்கம். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனில் முன்னும் பின்னும் சீல்கள் இருக்கும். பின் சீல் தேய்ந்தால் ஆயில் லீவர் அச்சின் பக்கமாக வெளியே வரும், ரப்பர் உறைக்குள் தேங்கும். முன் சீல் தேய்ந்தால் நிலைமை வேறு: ஆயில் பிஸ்டனைத் தாண்டி ரிசர்வாயர் பக்கத்துக்கே திரும்பிப் போய்விடும். வெளியே ஒரு துளி ஈரமும் இருக்காது. ஆனால் லீவர் பிடித்திருக்கும்போது இறங்கும். எல்லா டிஷ்யூவும் உலர்ந்து, லீவர் மட்டும் இறங்கினால் இதைத்தான் நினைக்க வேண்டும். எத்தனை தடவை ப்ளீட் செய்தாலும் இது தீராது. பிஸ்டன் கிட் கிடைக்கும் மாடல் என்றால் அதை மாற்றலாம், இல்லையென்றால் லீவரையே மாற்ற வேண்டும்.

ஹோஸ் லீவருக்குள் நுழையும் இடம். ஹோஸைச் சுருக்கி வெட்டியவர்களுக்குக் கசிவு பெரும்பாலும் இங்கேதான். இந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் மூன்று பாகங்கள் இருக்கும். ஹோஸின் வெட்டுமுனைக்குள் அடித்து இறக்கிய சிறு உலோகக் குழல், ஹோஸைச் சுற்றி ஆலிவ் எனப்படும் மெல்லிய உலோக வளையம், அதன் பின்னால் நட். நட்டை இறுக்கும்போது ஆலிவ் நசுங்கி ஒரு பக்கம் ஹோஸையும் மறுபக்கம் லீவர் உடலையும் கவ்விக்கொள்கிறது. நசுங்கிய ஆலிவ் அந்த இடத்துக்கென்றே வடிவம் எடுத்துவிட்டது, அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஹோஸ் சாய்வாக வெட்டப்பட்டிருந்தாலும், நட் இறுகும் வரை ஹோஸை உள்ளே தள்ளிப் பிடிக்காமல் விட்டிருந்தாலும் கசியும். முதலில் நட்டைப் பிரேக்கின் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் பலம்) அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். அதற்கு மேல் பலம் போட்டால் மரை போய்விடும். நிற்கவில்லையென்றால் ஹோஸ் நுனியை நேராக வெட்டி, புது ஆலிவும் புதுக் குழலும் போட்டு, பிறகு ப்ளீட்.

ஹோஸ் காலிப்பரில் சேரும் இடம். பல பிரேக்குகளில் இங்கே பேன்ஜோ போல்ட் இருக்கும். இது நடுவில் ஓட்டை உள்ள போல்ட். ஹோஸின் வளையமுனை வழியாக ஆயிலைக் காலிப்பருக்குள் விடும். வளையத்தின் இரண்டு பக்கமும் சிறு சீல்கள் இருக்கின்றன. ஹோஸின் கோணத்தை மாற்றுவதற்காகப் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கும்போது அவை நசுங்கலாம், கிழியலாம். மாற்றுவது எளிது.

காலிப்பர் பிஸ்டன்கள். சக்கரத்தையும் பேட்களையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் சுவரில் மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிஸ்டன் சீலுக்குள் வழுக்கி நகர அது தேவை. பிஸ்டனைச் சுற்றி வளையமாக ஈரம் கோத்து நின்றால், அல்லது பேட்டின் பின்தகடு நனைந்திருந்தால் அது கசிவு. பீங்கான் பிஸ்டன் உள்ள காலிப்பர்களில் விரிசலும் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அவற்றின் விளிம்பு உடையும். காலிப்பர் சீல்களைச் சில நிறுவனங்கள் தனியாக விற்கின்றன. கிடைக்காத இடத்தில் காலிப்பரை முழுதாக மாற்றுவதே சரி.

ஹோஸின் நடுவில். அரிது. ஃபிரேமில் உரசும் இடங்கள், கைப்பிடி திரும்பும்போது மடங்கும் இடம், ஃபிரேமுக்குள் நுழையும் வெளியேறும் துளைகள் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். வெட்டுப்பட்ட ஹோஸில் டேப் சுற்றும் யோசனையே வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பேட் தேய்ந்த நிலையில் ரிசர்வாயரை முழுக்க நிரப்பிவிட்டு, பின்னர் புது பேட் போடுவதற்காகப் பிஸ்டன்களை உள்ளே தள்ளினால், அந்த ஆயில் முழுதும் மேலே திரும்பி வரும். அங்கே இடம் இருக்காது. ரப்பர் சவ்வு பிதுங்கி, மூடி வழியே வழியும். புது பேட் போட்ட மறுநாள் லீவரில் ஈரம் தெரிந்தால் இதுதான் காரணமாக இருக்கும். பிஸ்டன்களை முழுக்க உள்ளே தள்ளி, நடுவில் ப்ளீட் பிளாக் எனப்படும் பிளாஸ்டிக் கட்டையை வைத்துத்தான் நிரப்ப வேண்டும் என்று கையேடுகள் சொல்வது இதற்காகவே.

## அடைத்த பிறகு பேட், ரோட்டர்

காலிப்பர் பக்கம் கசிந்திருந்தால் பேட்கள் ஆயிலைக் குடித்திருக்கும். அடுப்பில் சுடுவது, மணல்தாளில் தேய்ப்பது என்று பல யோசனைகள் சொல்லப்படுகின்றன. மேற்பரப்பை மட்டும் தேய்த்தால் உள்ளே ஊறியது சூட்டில் மறுபடி மேலே வரும். புது பேட் போட்டுவிடுங்கள். ரோட்டர் உலோகம் என்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்தால் போதும்; ஆனால் கசிவு அடைபட்டது உறுதியாகும் முன் புது பேட்டை மாட்ட வேண்டாம், அதுவும் வீணாகும். ப்ளீட் பிளாக் வைத்து ப்ளீட் முடித்து, பழைய பேட்களையே திரும்ப மாட்டி, டிஷ்யூ சோதனையை இரண்டு இரவும் மறுபடி செய்து, காகிதம் உலர்ந்திருந்தால் மட்டும் புதியதை மாட்டுங்கள்.

புது பேட் முழு பலத்துக்கு வர, சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து நிற்கும் நிலைக்குச் சற்று முன்பு வரை பலமுறை பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். லீவரைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்கும் சோதனையை அப்போதும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகு இறக்கத்துக்குப் போங்கள்.